படகை நிறுத்துறதா, படகு ஏறவைக்கிற காரணத்தை நிறுத்துறதா?



போன வாரம் முழுக்க ஒரு மீம் சுத்திச்சு. நடுக்கடல்ல ஒரு ரப்பர் படகு, அதுல நெருக்கியடிச்சு ஐம்பது அறுபது தலைகள். கீழே ஒரு வரி: "இவங்களை வரவிடாம தடுக்கிற தலைவன்தான் நமக்கும் வேணும்." படம் ஐரோப்பாப் பக்கம் எடுத்தது. ஃபார்வர்டு பண்ணது நம்ம ஊர்க்காரங்க. எங்க வார்டு வாட்ஸ்அப் குரூப்ல நம்ம ஆளுங்களே ரெண்டு பேர் அதுக்குத் தம்ஸ்அப் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில பதில் போட்டுட்டுப் போயிடலாம்னு பார்த்தேன், முடியல.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன். புதுசா அகதிகள் உருவாகாம தடுக்கணும்னு நானும்தான் சொல்றேன். அகதி ஆகணும்னு ஆசைப்பட்டு யாரும் அகதி ஆகறதில்ல. சண்டையே எங்கே தடுக்கிறது என்பதில்தான். வந்து சேர்ற கரையிலயா, கிளம்புற ஊர்லயா?

காலேஜ்ல எனக்கு ஒரு பெஞ்ச்மேட். பெயர் வேண்டாம். மாசத்துல ஒருநாள் தவறாம லீவு போடுவான், காரணம் கேட்டா சிரிச்சு மழுப்பிடுவான். மூணாவது செமஸ்டர்லதான் தெரிஞ்சது, அன்னைக்கு அவங்க முகாம்ல ஆள் கணக்கெடுப்பு. அவங்க அப்பா 1990ல் மன்னார்ல இருந்து படகு ஏறி வந்தவர். இவன் பிறந்தது நம்ம அரசு ஆஸ்பத்திரியில, படிச்சது நம்ம அரசுப் பள்ளிக்கூடத்துல. ஆனா 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும்னு சட்டம். அவனுக்கு அது இல்லை. கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூல மூணு ரவுண்டு தாண்டிட்டான். என்னைவிட நல்லா கோடு எழுதுவான், அதுல எனக்கு வெட்கமே இல்ல. கடைசியா டாக்குமென்ட் சரிபார்க்கும்போது பாஸ்போர்ட் கேட்டாங்க. அதோட முடிஞ்சது.

அன்னைக்கு சாயந்திரம் டீக்கடையில அவன் கம்பெனியைத் திட்டல, நம்ம அரசாங்கத்தையும் திட்டல. "எங்கப்பா எதுக்குடா படகு ஏறுனாருன்னு ஒருத்தனாவது கேக்கறானா பாரு"ன்னான்.

இந்தக் கேள்வியை ஐ.நா. சபை ஒரு காலத்துல உண்மையாவே கேட்டிருக்கு. நம்மில் பல பேருக்கு இது தெரியாது, எனக்கும் சமீபத்துலதான் தெரிஞ்சது.

1979 இறுதியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள போனது. சில ஆண்டுகளில் பாகிஸ்தானில் மட்டும் சுமார் 30 லட்சம் ஆப்கன் அகதிகள். இந்தப் பக்கம் வியட்நாம்ல இருந்து படகு படகா ஜனங்க கிளம்பிக்கிட்டிருந்தாங்க. மேற்கு ஜெர்மனியில் 1980ல் தஞ்சம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டுச்சு. அந்த ஆண்டுதான் மேற்கு ஜெர்மனி ஐ.நா. பொதுச்சபையில் ஒரு புது விவாதப் பொருளைக் கொண்டுவந்தது: புதிய அகதிப் பெருக்கைத் தவிர்க்க சர்வதேச ஒத்துழைப்பு. சுயநலம் இல்லாம இல்ல, தன் வாசல்ல கூட்டம் சேர்ந்ததும்தான் ஞாபகம் வந்திருக்கு. ஆனா கேள்வி சரியான கேள்வி. அகதி வந்த பிறகு சோறு போடுறது ஒரு வேலை, அவன் அகதி ஆகாமப் பார்த்துக்கறது வேற வேலை, அந்த ரெண்டாவது வேலைக்கு யார் பொறுப்புன்னு அந்த விவாதம் கேட்டுது.

1981ல் அரசுப் பிரதிநிதிகளான நிபுணர்களைக் கொண்டு ஒரு குழு அமைச்சாங்க. 1986ல் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி பொதுச்சபை 41/70 என்ற தீர்மானத்தில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை இருக்கு. எந்த நாடும் தன் மக்களில் ஒரு பிரிவினரை அவங்க தேசியம், இனம், நிறம், மதம், மொழி காரணமா உரிமை மறுத்து, பாகுபாடு காட்டி, நேரடியாவோ மறைமுகமாவோ நாட்டை விட்டு ஓடவைக்கக் கூடாது என்பது அதோட சாரம்.

மொழி. அந்த வார்த்தையைப் படிக்கும்போது நமக்கு எந்த ஊர் ஞாபகம் வரும்னு நான் சொல்லணுமா?

சர்வர் பார்த்துக்கற வேலையில இருக்கறவங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் எந்த சிஸ்டமும் சொல்லாம கொள்ளாம விழாது. லாக்ல வார்னிங் வந்துக்கிட்டே இருக்கும், நாமதான் பார்த்திருக்க மாட்டோம். இலங்கையோட லாக்கை எடுத்துப் பாருங்க. 1948ல் குடியுரிமைச் சட்டம், லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் ஒரே கையெழுத்துல நாடற்றவங்க. 1956ல் தனிச் சிங்களச் சட்டம். 1958ல் கலவரம், கொழும்புத் தமிழர்களைக் கப்பல்ல ஏத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டி வந்தது. 1977ல் மறுபடியும் கலவரம். 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981ல் யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ, 90,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள் சாம்பல். அப்புறம்தான் 1983 ஜூலை. முப்பத்தைந்து வருஷமா வார்னிங் வந்திருக்கு. யாரும் "எதிர்பாராத நெருக்கடி"ன்னு சொல்லவே முடியாது.

இப்போ தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. நிபுணர் குழு அமைச்சது 1981, அறிக்கை 1986. அதே ஆண்டுகள்லதான் ராமேஸ்வரம் கரையில படகுகள் வந்து இறங்குச்சு. 1983க்கும் 1987க்கும் நடுவில் தமிழ்நாட்டுக்கு வந்தவங்க 1,30,000 பேருக்கு மேல். அகதிப் பெருக்கை எப்படித் தவிர்க்கலாம்னு அங்கே பேசிக்கிட்டிருந்தப்போ, இங்கே மண்டபம் முகாம்ல இடம் பத்தாம மத்த மாவட்டங்களுக்கு லாரியில அனுப்பிக்கிட்டிருந்தாங்க.

அறிக்கை ஏன் வேலைக்கு ஆகல? அதுல எழுதினதெல்லாம் நல்ல வார்த்தைதான். ஆனா அதே அறிக்கை நாடுகளின் இறையாண்மைக்கும், உள்நாட்டு விவகாரத்துல தலையிடாமைக்கும் அவ்வளவு அழுத்தம் கொடுத்தது. வீட்டுக்குள்ள அடிச்சா குடும்ப விஷயம், அடி தாங்காம தெருவுக்கு ஓடிவந்தாத்தான் ஊர்ப் பஞ்சாயத்துங்கற கதை. தெருவுக்கு வந்தப்புறம் பஞ்சாயத்து பேசறதும் அடிச்சவனைப் பத்தி இல்ல, ஓடிவந்தவளை எந்த வீட்டுத் திண்ணையில படுக்க வைக்கிறதுங்கறதைப் பத்தி.

2009ல் என்ன நடந்ததுன்னு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஒரே ஒரு விஷயம் மட்டும். 2012 நவம்பர்ல ஐ.நா. தானே நியமிச்ச உள்ளக ஆய்வுக் குழு, இலங்கைப் போரின் கடைசி மாதங்கள்ல ஐ.நா. அமைப்பே தோத்துப்போச்சுன்னு எழுதிக் கொடுத்தது. தகவல் தெரியாம தோக்கல, தெரிஞ்சும் சத்தமா சொல்லாததுல தோத்தது.

இங்கே ஒரு நிமிஷம். "சர்வதேச ஒத்துழைப்பு"ன்னு சொன்னாலே நல்லதுன்னு நாம கைதட்டிடக் கூடாது. 1964 அக்டோபர்ல சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தமும் ரெண்டு நாட்டு ஒத்துழைப்புதான். மலையகத்துல பிறந்து வளர்ந்த ஜனங்கள்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு ஆட்டுமந்தையைப் பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க. மிச்சம் 1,50,000 பேரை அப்புறமா 1974ல் சரிபாதியாப் பங்கு போட்டாங்க. அந்த ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நீலகிரிப் பக்கம் போனா, டான்டீ தோட்டத்து லைன் வீடுகள்ல அந்தக் குடும்பங்களோட பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்காங்க. பிரச்சினையைத் தீர்க்கிறேன்னு சொல்லி ரெண்டு அரசாங்கம் கைகுலுக்கி, அகதிப் பெருக்கை அவங்களே உருவாக்கின கதை அது. அதனால ஒத்துழைப்பு யாரோட, யாருக்காகன்னு கேக்கணும்.

சரி, அப்போ எதுவுமே நடக்காதா? நடந்திருக்கு. நம்ம கண்ணு முன்னாடியே நடந்திருக்கு.

2021ல் இலங்கை அரசாங்கம் ஒரே உத்தரவுல ரசாயன உர இறக்குமதியை நிறுத்துச்சு. நெல் விளைச்சல் விழுந்தது. ஏற்கனவே டாலர் கையிருப்பு காலியாகிக்கிட்டிருந்தது. 2022 மார்ச்ல பேப்பர் இல்லாம பள்ளிக்கூடப் பரீட்சையைத் தள்ளிவைக்கிற நிலைமை. ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. மார்ச் மாசமே அரிச்சல்முனை, தனுஷ்கோடிப் பக்கம் குடும்பம் குடும்பமா ஜனங்க வந்து இறங்க ஆரம்பிச்சிட்டாங்க. கைக்குழந்தையோட மணல்திட்டுல விட்டுட்டுப் படகுக்காரன் திரும்பிப்போன செய்தியெல்லாம் வந்தது.

அந்த நேரத்துல ஒருநாள் ராத்திரி என் பெஞ்ச்மேட் போன் பண்ணான். மன்னார்ல இருக்கிற அவன் அத்தை பேசியிருக்காங்க. "இஞ்ச ஒண்டுமில்லைத் தம்பி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ"ன்னு கேட்டிருக்காங்க. படகுக்குத் தலைக்கு இவ்வளவுன்னு பேசியும் முடிச்சாச்சாம். இவன் என்ன பதில் சொல்லுவான்? வாங்கன்னா, அந்தப் பிள்ளைகளும் மாசத்துக்கு ஒருநாள் கணக்கெடுப்புல நிக்கணும், இன்னொரு இன்டர்வியூல பாஸ்போர்ட் இல்லாம வெளிய வரணும். வராதீங்கன்னா, அங்கே பட்டினி. "நீ என்னடா சொல்லுவ"ன்னு என்னைக் கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல.

அந்த ஏப்ரல் 29ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதா ஒரு தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள், மொத்தம் 123 கோடி ரூபாய் மதிப்புல இலங்கைக்கு அனுப்ப அனுமதி கேட்டு. கட்சி வேறுபாடு இல்லாம எல்லாரும் கை தூக்கின அபூர்வமான நாள்கள்ல அது ஒண்ணு. மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துல இருந்து முதல் கப்பல் கிளம்புச்சு. தமிழர்களுக்கு மட்டும்னு இல்லாம எல்லா மக்களுக்கும் கொடுங்கன்னு அங்கே இருந்த தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கிட்டாங்க. அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்னு யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும் பசியோட இருக்கும்போது தமிழ் வீட்டுக்கு மட்டும் மூட்டை வந்து இறங்கினா, அது அடுத்த கலவரத்துக்கு விதை. ஒன்றிய அரசும் அந்த ஆண்டு கடனா, எரிபொருளா, மருந்தா சுமார் 400 கோடி டாலருக்கு உதவி பண்ணுச்சு. நல்லது செஞ்சா சொல்லணும், சொல்றேன். 2023 மார்ச்ல சர்வதேச நாணய நிதியத்தோட கடன் திட்டமும் வந்தது.

என்ன ஆச்சு? பயந்த மாதிரி ஆயிரக்கணக்குல படகு வரல. வந்தவங்க சில நூறு பேர். ஜனங்க நாட்டை விட்டுப் போகவே இல்லைன்னு சொல்லல. அந்த ஒரே ஆண்டுல மூணு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர்கள் வேலைக்காக வெளிநாடு போனாங்க. ஆனா பாஸ்போர்ட்டோட, விசாவோட, திரும்பி வர ஒரு வீட்டை வெச்சுட்டுப் போனாங்க. அகதிக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அரிசி மட்டுமே இதைச் சாதிச்சதுன்னும் நான் சொல்லல, ஆட்சி மாறினது, கடன் தவணை நின்னது எல்லாம் சேர்ந்துதான். ஆனா நேரத்துக்குப் போன அரிசி அதுல ஒண்ணு.

இதுக்கு நேர் எதிரான கதை ஐரோப்பாவோடது. மீம்ல வந்த அந்தப் படகோட கதையும் அதுதான். சிரியா போர்ல தப்பிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க முதல்ல ஐரோப்பாவுக்குப் போகல. துருக்கி, லெபனான், ஜோர்டான்னு பக்கத்துலயேதான் இருந்தாங்க. எப்பவுமே அப்படித்தான், இன்னைக்கும் உலக அகதிகள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல் பக்கத்து நாட்டுலதான் இருக்காங்க. 2015ல் உலக உணவுத் திட்டத்துக்குப் பணக்கார நாடுகள் கொடுக்கவேண்டிய பணம் வந்து சேரல. லெபனான்ல ஒரு ஆளுக்கு மாசம் முழுக்கச் சாப்பாட்டுக்கு 13.50 டாலர்னு குறைச்சாங்க. அதே கோடையிலதான் ஏஜியன் கடல் நிறைய படகு. அடுத்த மார்ச்ல, ஆளுங்களைத் தடுத்து வெச்சுக்கச் சொல்லித் துருக்கியோட ஒப்பந்தம் போட்டாங்க. துருக்கியில இருக்கிற அகதிகளுக்குன்னு முதல்ல 300 கோடி யூரோ, அப்புறம் இன்னொரு 300 கோடி. அந்தப் பணம் ஒரு வருஷம் முன்னாடி சாப்பாட்டுக் கணக்குல போயிருந்தா எத்தனை பேர் கடல்ல இறங்கியே இருக்க மாட்டாங்க. இந்த மாடலைத்தான் நம்ம குரூப்ல தம்ஸ்அப் போட்டுப் பாராட்டறாங்க.

காசு மட்டும் போதும்னு நினைக்கவும் கூடாது. ரோஹிங்யா கதையைப் பாருங்க. 1982 குடியுரிமைச் சட்டத்துலயே அவங்களை வெளியே தள்ளியாச்சு. கோஃபி அன்னான் தலைமையில ஒரு ஆலோசனைக் குழு ஒரு வருஷம் உட்கார்ந்து, குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கலைன்னா நிலைமை மோசமாகும்னு அறிக்கை கொடுத்தது. வெளியான தேதி 2017 ஆகஸ்ட் 24. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி ஆயுதக் குழு ஒண்ணு போலீஸ் சாவடிகளைத் தாக்குச்சு, ராணுவம் கிராமம் கிராமமா இறங்குச்சு. சில மாசத்துல ஏழு லட்சம் பேர் வங்கதேசத்துல. நோயைச் சரியாக் கண்டுபிடிச்ச அறிக்கை கையில இருந்தும், மியான்மர் ராணுவத்தை நிறுத்த எந்தப் பக்கத்து நாடும் கையை அசைக்கல. இந்தியாவும் சேர்த்துத்தான் சொல்றேன்.

"அப்போ படையை அனுப்பச் சொல்றியா"ன்னு சில பேர் கேப்பீங்க. இல்ல. 1987ல் அமைதிப்படைன்னு போனது எப்படி முடிஞ்சதுன்னு நமக்கு நல்லாவே தெரியும், 1990ல் என் நண்பனோட அப்பா படகு ஏறினதே அது திரும்பி வந்த சில மாசத்துல வெடிச்ச சண்டையிலதான். அதேமாதிரி, "கிளம்புற ஊர்லயே தடுக்கணும்"னு சொல்றதை வெச்சுக்கிட்டு ஆபத்துல இருக்கறவனை அங்கேயே பூட்டி வைக்கவும் கூடாது. ஸ்ரெப்ரெனிட்சாவை ஐ.நா. "பாதுகாப்பான பகுதி"ன்னு அறிவிச்சது 1993ல், அங்கே 8,000 பேரைக் கொன்னது 1995ல். நம்ம ஆளுங்களுக்கு "பாதுகாப்பு வலயம்"ங்கற வார்த்தையே போதும். கதவு திறந்துதான் இருக்கணும். ஓடிவரவேண்டிய அவசியம் வராமப் பார்த்துக்கறதுதான் வேலை.

அதுக்கு நாம கேக்கவேண்டியது பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல. வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013ல், அந்த சபையோட காலம் 2018ல் முடிஞ்சது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஆளுநர் ஆட்சிதான். 1979ல் வந்த அந்தத் தடைச் சட்டம் போர் முடிஞ்சு பத்து வருஷம் தாண்டியும் அப்படியே இருந்தது. இதெல்லாம்தான் இன்னைக்கு லாக்ல வர்ற வார்னிங். இவ்வளவு கோடி டாலர் கொடுத்து உதவி பண்ற நாட்டுக்கு, நட்பா ஆனா அழுத்தமா இதைக் கேக்கிற உரிமை இருக்கு. நம்ம எம்.பி.க்கள் நாடாளுமன்றத்துல ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் இதைக் கேக்கணும். 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாத, தனக்குன்னு ஒரு அகதிச் சட்டமே இல்லாத நாடு அடுத்த நாட்டுக்கு எப்படிப் பாடம் எடுக்கும்னும் சேர்த்தே கேக்கணும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல மூணு நாட்டுப் பேர் இருக்கு, இலங்கை இல்லை.

அடுத்து சொல்றது நம்ம ஆளுங்களுக்கே பிடிக்காது. பாக் நீரிணையில நம்ம பக்கத்து இழுவைமடிப் படகுகள் அந்தப் பக்கத்து அடிக்கடலைச் சுரண்டிட்டு வர்றப்போ நஷ்டப்படறது கொழும்பு முதலாளி இல்ல, மன்னார், யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவன். நம்ம மீனவரைச் சுடறதையும் பிடிச்சு வைக்கறதையும் கண்டிக்கிற அதே வாயால, இழுவைமடியில இருந்து ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற 2017ல் அறிவிச்ச திட்டம் ஏன் தவழ்ந்துக்கிட்டே இருக்குன்னும் கேக்கணும். அந்தக் கரையில ஒருத்தன் வலை காலியா இருந்தா, அவன் பிள்ளை படகுக்காரன் கிட்ட ரேட் விசாரிக்கும். கமெண்ட்ல திட்டறவங்க திட்டுங்க, பரவாயில்ல.

அடுத்த தடவை அந்த மீம் உங்க குரூப்ல வந்தா, அனுப்புனவர் கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்தப் படகு எந்த ஊர்ல இருந்து கிளம்புச்சு, ஏன் கிளம்புச்சு? பதில் தெரிஞ்சவர் அதை ஃபார்வர்டு பண்ணியிருக்க மாட்டார்.

என் பெஞ்ச்மேட் இப்போ திருப்பூர்ல ஒரு சின்ன கம்பெனியில பில்லிங் சாஃப்ட்வேர் எழுதறான், பாஸ்போர்ட் கேக்காத கம்பெனி. அத்தை அன்னைக்குப் படகு ஏறல. படகுக்காரன் கிட்ட கொடுத்த முன்பணம் போனதுதான். ஊர்லயே கோழி வளர்க்கிறாங்க, மூத்த பொண்ணு ஏ லெவல் எழுதி முடிச்சிட்டா. வர்ற தை மாசம் இவன் தங்கச்சி கல்யாணத்துக்கு விசா எடுத்துக்கிட்டு, காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினம் வர்ற பயணிகள் கப்பல்ல வர்றாங்களாம். போக வர டிக்கெட்டை இவன்தான் ஆன்லைன்ல போட்டுக் கொடுத்திருக்கான்.